விடுதி அறையில் ஒரு நல்ல சாப்பாடு

(பல்கலைக்கழகம் செல்லும் மாணவியருக்காக நமது பழைய மாணவியர் சங்கம் நடத்திய வழியனுப்பு நிகழ்வில், பாடசாலையின் பழைய மாணவியும் ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த மண்டபத்தில் பேசக் கூப்பிட்டபோது, தலைப்பை நானே தெரிவு செய்யலாம் என்றார்கள். பெண் கல்வி, தலைமைத்துவம், தன்னம்பிக்கை என்று எத்தனையோ பெரிய தலைப்புகள் இருக்கின்றன. நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டீச்சர், நூற்றாண்டு மலரில் வரப்போகிற பேச்சு" என்று மெல்ல ஞாபகப்படுத்தினார்கள். அதனால்தான் சாப்பாடு என்றேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். இந்தப் பாடசாலையில் உயர்தரம் முடித்து, 1980களின் நடுப்பகுதியில் பேராதனைக்குப் போனேன். 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தபோது, சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதை ஒரு வதிவிடப் பல்கலைக்கழகமாகவே எண்ணினார். மாணவர் தங்கவும் படிக்கவும் ஒன்றாயிருந்து சாப்பிடவும் மண்டபங்கள் எழுந்தன. எங்கள் காலத்தில் பிள்ளைகளின் தொகை கூடிவிட்டது. எனக்கு முதல் வருடம் கிடைத்தது வெளியில் ஒரு போடிங் அறை. நான்கு பேர். ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி அக்கரைப்பற்று, ஒருத்தி கேகாலை, நான் தோட்டத்துப் பிள்ளை.

முதல் மூன்று மாதம் நான் என்ன சாப்பிட்டேன் தெரியுமா? காலையில் ஒரு பிளேன்டீ. பகல் ஒரு பணிஸ், இன்னொரு பிளேன்டீ. இரவு பாண், சம்பல். காசு இல்லை என்பது பாதிக் காரணம். மற்றப் பாதி வெட்கம். அம்மா கட்டித் தந்த ரொட்டியையும் நெத்தலிச் சம்பலையும் மற்றவர்கள் முன்னால் திறக்க வெட்கம். கருவாட்டு வாசம் வந்தால் "தோட்டத்தாள்" என்று நினைப்பார்களே என்று போத்தலை உடுப்புக்குள் சுற்றி வைத்திருந்தேன். விரிவுரையில் நித்திரை வரும். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. ஹந்தானைப் பக்கத்துப் படிகளில் ஏறினால் மூச்சு வாங்கும். கடைசியில் ஒரு டொக்டர் அம்மா என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, நீ சாப்பிடவில்லை" என்றார். உள்ளே வெள்ளையாக இருந்ததாம்.

அன்று இரவு போத்தலை வெளியே எடுத்தேன். ஒளித்து வைத்ததும் வீண்தான். மற்ற மூவரும் அந்த நெத்தலிக்காகத் தங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். ஒடியல் மா வந்தது, கச்சான் வந்தது, குரக்கன் மா வந்தது. வீட்டுக்கார ஆச்சி பின் விறாந்தையில் மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க இடம் தந்தார். ஒரு பானை. அக்கரைப்பற்றுத் தோழிக்கு ஹலால் வேண்டும், யாழ்ப்பாணத்தாள் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டாள், கேகாலையாள் போயாவில் மரக்கறி. ஆகவே பானைக்குள் எப்போதும் அரிசி, பருப்பு, பயறு, இலை. முட்டையும் மீனும் அவரவர் கோப்பையில். நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். வெளியே ஒருவரையொருவர் பயத்தோடு பார்த்த காலம் அது. எங்கள் பானை மட்டும் ஒரு நாளும் பிரியவில்லை.

இது பழைய கதை. இனிச் சொல்வது 2022இல் நடந்தது.

அந்த வருடம் உங்களில் பலர் இந்தப் பாடசாலையில் இருந்தீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. கேஸ் இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன்னர் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறக்குறைய 195 ரூபா. மகாபொல மட்டும் அதே 5,000 ரூபா. தோட்டத்தில் அம்மாவின் நாட்சம்பளம் அதே 1,000 ரூபா.

அந்த நாட்களில் ஓர் இரவு, என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். ஊரும் பல்கலைக்கழகமும் வேண்டாம், அவை இந்தக் கதைக்குத் தேவையில்லை. "டீச்சர், சும்மா எடுத்தேன்" என்றாள். விடுதிப் பிள்ளைகள் சும்மா எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். செய்முறை வகுப்பில் மயங்கி விழுந்திருக்கிறாள். காலையில் இரண்டு பிஸ்கட், பகல் கால் இறாத்தல் பாணும் சம்பலும், இரவு ஒரு பக்கற் நூடில்ஸ். மகாபொலவில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறாள். தம்பி பாடசாலைக்குப் போகவேண்டுமாம். "வீட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்" என்று மூன்று தடவை சொன்னாள்.

நான் மனைப்பொருளியல் டீச்சர். அவளுக்குப் பரீட்சையில் புரதத்தைப் பற்றி எழுதினால் முழுப்புள்ளி. ஆனால் 30 வருடத்தில் ஒரு நாளாவது, ஓர் அறையும் ஒரு மின்செருகியும் மட்டுமே உள்ள பிள்ளை அந்தப் புரதத்தை எப்படித் தட்டுக்குக் கொண்டுவருவது என்று நான் படிப்பித்தேனா? இல்லை. அந்தக் கடனைத்தான் இன்று தீர்க்க வந்திருக்கிறேன். கொப்பி இருந்தால் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மேடைக்கு மரியாதை குறையாது.

முதலாவது, எவ்வளவு வேண்டும்? உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் வளர்ந்தவர்களுக்குத் தரும் கணக்கு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 50 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 42 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மயங்கி விழுந்த பிள்ளையின் நாள் முழுக்கக் கணக்கை அன்று இரவே போட்டுப் பார்த்தேன். 20 கிராமைத் தாண்டவில்லை.

இரண்டாவது, எதில் இருக்கிறது? முட்டை ஒன்றில் 6 கிராம். மைசூர்ப் பருப்பு, பயறு, கௌபி இவற்றில் சமைக்கமுன் 100 கிராமில் 24 கிராம் அளவு. கடலையில் 20. கச்சானில் 25. முழு ஆடைப் பால்மாவிலும் 25 தான். சோயா மீட்டில் உலர் நிலையில் 50 வரை. நெத்தலிக் கருவாட்டில் பாதிக்கு மேல் புரதம். இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ பருப்பில் 240 கிராம் புரதம். அது 40 முட்டைக்குச் சமம். 400 கிராம் பால்மாப் பெட்டி ஒன்றில் 100 கிராம், அதாவது 16, 17 முட்டை. கண்டிச் சந்தையில் அன்றன்றைய விலையைப் பார்த்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். விலை மாறும், இந்தக் கணக்கு மாறாது. வெளிநாட்டுப் புரதப் பொடி டின் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

மூன்றாவது, பருப்பை மட்டும் சாப்பிட்டால் போதுமா? அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகையில் அது நிறைய உண்டு. பருப்பில் மெதியோனின் குறைவு, அரிசியில் அது இருக்கிறது. இரண்டையும் சேர்த்துண்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். 1973இல் தொடங்கிய நமது திரிபோஷவும் இந்த யோசனைதான். சோளம், சோயா, பால்மா மூன்றும் சேர்ந்தது. சோறும் பருப்பும் ஏழைச் சாப்பாடு என்று யாராவது சொன்னால், நீங்கள் அமினோ அமிலத்தைப் பற்றிக் கேளுங்கள்.

இனி அறைக்கு வருவோம். ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஒரு நல்ல பிளாஸ்க், மூடியுள்ள இரண்டு டப்பா, ஒரு கத்தி. இவ்வளவுதான்.

காலைக்குக் கஞ்சி. ஒரு கைப்பிடி அரிசி, இரவே ஊறப்போட்ட ஒரு கைப்பிடிப் பயறு, தண்ணீர் தாராளமாக. குக்கரில் குழைய விடுங்கள். கடைசியில் உருவிய முருங்கையிலையோ நறுக்கிய வல்லாரையோ போட்டு மூடுங்கள். உப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பால் மா. இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி. இதில் 13 கிராம் கிடைக்கும்.

இரவுக்குச் சோறும் பருப்பும் ஒரே குக்கரில். அரிசியோடு பருப்பு, வெங்காயம், மஞ்சள், ஒரு பச்சை மிளகாய். மேலே ஆவித்தட்டில் நன்றாகக் கழுவிய ஒரு முட்டை. சோறு வேகும்போது முட்டையும் வெந்துவிடும். முட்டை விலை ஏறிய நாளில் சோயா மீட். 90 கிராம் பக்கற்றை மூன்றாகப் பிரியுங்கள். சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகப் பிழிந்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பிறகு வெங்காயம், மிளகாய்த்தூளோடு குக்கரிலேயே பிரட்டுங்கள். சோயாவை இளக்காரமாக நினைக்காதீர்கள். நமக்குப் பக்கத்திலே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சியாளர்கள் சோயா அவரையை நம் நாட்டுச் சமையலுக்குப் பழக்கப்படுத்தப் பல வருடம் உழைத்திருக்கிறார்கள்.

பின்னேரம் பசித்தால் ஒரு கைப்பிடிக் கச்சான், அல்லது அவித்த கடலை. கண்டியின் ஈரக் காற்றில் கச்சான் பூஞ்சணம் பிடிக்கும். கசந்தாலோ நிறம் மாறினாலோ யோசிக்காமல் எறியுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. நெத்தலியை வீட்டில் உப்புக் கழுவி, நன்றாக வறுத்து, ஈரமில்லாத போத்தலில் கொண்டுபோங்கள். போத்தலை உடுப்புக்குள் சுற்றாதீர்கள்.

பகல் சோற்றுப் பார்சல் எப்படியும் 10, 12 கிராம் தரும். கூட்டிப் பாருங்கள். 42ஐத் தாண்டிவிடுவீர்கள்.

மின்சாரம் போனால்? இதை அந்தப் பிள்ளைதான் எனக்குப் படிப்பித்தாள். நான் அனுப்பிய பெட்டியில் குக்கர் இருந்தது, பயறு இருந்தது. ஆனால் அவள் அறையில் மின்சாரம் இருக்கும் நேரத்தில் அவள் வகுப்பில். ஆகவே காலையில் மின்சாரம் இருந்த அரை மணித்தியாலத்தில், இரவு ஊறிய பயற்றை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, சுடுநீரால் சூடாக்கி வைத்த பிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி இறுக்கி மூடிவிட்டுப் போவாள். பகல் வந்து திறந்தால் பயறு பூப்போல வெந்திருக்கும். தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டால் சாப்பாடு. மூன்று அறைப் பிள்ளைகள் அவளிடம் இதைப் பழகிக்கொண்டார்களாம். 30 வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றாத யோசனை.

சில எச்சரிக்கைகளையும் டீச்சராகச் சொல்லவேண்டும். குக்கரையும் கேத்தலையும் ஒரே நீட்டு வயரில் சேர்த்துப் போடாதீர்கள். கேத்தல் ஒன்றே 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும், வயர் உருகும். விடுதி விதி அறையில் சமைக்கக்கூடாது என்றால் ஒளித்துச் சமைக்கவேண்டாம். பொறுப்பாளரிடம் போய்ப் பொதுவான ஓர் இடம் கேளுங்கள். ஒருத்தியாகப் போகாமல் பத்துப் பேராகப் போங்கள். சமைத்த சோற்றை இரவு முழுக்க மேசையில் வைத்துக் காலையில் சாப்பிடாதீர்கள். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அளவாகச் சமையுங்கள். முளைவிட்ட பயறு நல்லது, உயிர்ச்சத்து சி கூடும். ஆனாலும் ஒரு கொதி காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கடைசியாக, தேத்தண்ணீர். இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கஷ்டம். 1867இல் இங்கிருந்து அதிக தூரமில்லாத லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதிலிருந்து, நம்மில் எத்தனையோ குடும்பங்களின் சோறு அந்தச் செடியிலிருந்துதான் வந்தது. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணீர், பருப்பிலும் இலையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். மாதாமாதம் இரத்தம் இழக்கும் நமக்கு இது சின்ன விடயமில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய், நெல்லி, கொய்யா ஏதாவது ஒன்று. இவை அந்த இரும்பை உள்ளே எடுக்க உதவும். பசியை அடக்கப் பிளேன்டீ குடிக்கும் பழக்கம் லயத்திலிருந்து நம்மோடு வந்தது. என் அம்மாவும் அப்படித்தான் குடித்தார், எங்களுக்கு ரொட்டி காணவேண்டும் என்பதற்காக. அம்மாவின் அந்தப் பழக்கத்தைப் பாசம் என்று நினைத்து நான் விடுதிவரை கொண்டுபோனேன். நீங்கள் கொண்டுபோகவேண்டாம்.

தங்கைகளே, வீட்டுக்குக் காசு அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். மகாபொல கையில் வந்ததும் முதலில் ஒரு கிலோ பருப்பும் ஒரு கிலோ பயறும் வாங்கி வையுங்கள். பிறகு மிச்சத்தை அனுப்புங்கள். வரிசை மாறவேண்டாம்.

இப்போது அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலர் கொழும்பு, லண்டன், டொரொன்டோ, மெல்பேர்ன் என்று எங்கெங்கோ போகும். நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். வளைவு கட்டலாம், கல்வெட்டுப் பதிக்கலாம், நல்ல விடயம். அதோடு இன்னொன்று. இந்தப் பாடசாலையிலிருந்து விடுதிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெட்டி. அதில் ஒரு சின்னக் குக்கர், ஒரு பிளாஸ்க், இரண்டு கிலோ பருப்பு, இரண்டு கிலோ பயறு, ஐந்து பக்கற் சோயா மீட், ஒரு போத்தல் நெத்தலி. கேட்டு வாங்கும் பிள்ளைக்கு என்று வைக்காதீர்கள். தேவைப்படும் பிள்ளை கேட்கமாட்டாள். நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எல்லோருக்கும் கொடுங்கள், வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து. அப்போதுதான் யாரும் போத்தலை ஒளிக்கமாட்டார்கள்.

அதற்கான முதல் பெட்டி இதோ மேசையில் இருக்கிறது. இது என்னுடையதல்ல. அன்று மயங்கி விழுந்த பிள்ளை பட்டம் முடித்து, முதல் மாதச் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. மூடியின் உட்புறம் பிளாஸ்க் பயறு செய்யும் முறையைக் கையால் எழுதி ஒட்டியிருக்கிறாள். கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "பயற்றை இரவே ஊறப்போட மறக்கவேண்டாம் தங்கச்சி."

எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகப் படித்து வாருங்கள்.